கண்ணாடிமேல் வைத்த பேட்டரி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை. அங்கே குரு தில்ஷாத் என்ற பெண், வயது முப்பது. சிஷ்யர் சவரிமுத்து, வயது ஐம்பத்தாறு. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்தார்.

அன்று காலை அவர் பையை ஆணியில் மாட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், நாளையிலேர்ந்து நான் வரலை."

"ஏண்ணே?"

அவர் சொல்வதற்குள் ஒரு அம்மா படியேறி வந்துவிட்டார். கோகிலவாணி என்று பெயர். லேப்டாப்பை முந்தானையால் மூடிப் பிடித்திருந்தார்.

"நாளான்னிக்கு என் மகளுக்கு இதுலதான் இன்டர்வியூ. எங்க தெருவுல நெனச்சா கரண்ட் போயிருது. புதுசுல நாலு மணி நேரம் நின்னுச்சு. இப்ப நிக்கலை. பேட்டரி மாத்தணுமாண்ணே?"

சவரிமுத்து திரையில் தட்டிப் பார்த்தார். "பேட்டரியோட பலம் நாப்பத்தஞ்சு சதவீதம்தாம்மா இருக்கு. பாதிக்கு மேல செத்துப்போச்சு. மாத்திருங்க."

கோகிலவாணியின் முகம் சுண்டிவிட்டது. "வேலைக்குப் போனா போட்டுக்கட்டும்னு ரெண்டு சுடிதார் எடுக்க வச்சிருந்தேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

தில்ஷாத் லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தாள். அடிமூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஒரு ஓரத்தை விரலால் அழுத்தினாள். அது அசையவில்லை.

"உப்பியிருந்தா தொட்டில் மாதிரி ஆடும்க்கா. அப்படி ஆடினா அன்னிக்கே மாத்தணும். ஒரு நாள்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது. இது ஆடலை."

திரும்பப் பொருத்தினாள். முழுசாகச் சார்ஜ் ஏறியதும் வயரைப் பிடுங்கிவிட்டு, அதிலேயே மகளுக்கு வீடியோ கால் போடச் சொன்னாள்.

அம்மாவும் மகளும் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு தீர்ந்துபோனது. மகள் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ரசம் கூட்டினாள். அம்மா இங்கிருந்தபடியே, "உப்புப் போட்டியாடி?" என்றார். சவரிமுத்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் திரை அணைந்தது.

"இன்டர்வியூ எவ்வளவு நேரம்க்கா?"

"முக்கால் மணி நேரம்னாங்க."

"உக்கார்றதுக்கு முன்னாடி முழுசா ஏத்திக்கச் சொல்லுங்க. அந்த வேலைக்கு இது தாங்கும். தாங்காத அன்னிக்கு எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றேன்."

கோகிலவாணி லேப்டாப்பை மறுபடி முந்தானையால் மூடிக்கொண்டார். "அப்ப சுடிதார் எடுத்துரலாம்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

சவரிமுத்து பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்து இதயத்தை ஸ்கேன் எடுத்தாங்க. அந்தப் பேட்டரியவிட மோசம் மாஸ்டர். ரத்தத்தைத் தள்ளுற பலம் நாப்பது சதவீதம்தான்னு போட்டிருக்கு."

தில்ஷாத் கவரைப் பிரிக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பஸ் ஓட்டக் கூடாதுன்னாரு."

"திருப்புளி பிடிக்கக் கூடாதுன்னாரா?"

"அதெல்லாம் சொல்லலை. நான்தான் அந்த நம்பரப் பார்த்துட்டு..."

தில்ஷாத் நோட்டைப் புரட்டினாள்.

"நாளைக்கு ரெண்டு லேப்டாப்தாண்ணே இருக்கு."

சவரிமுத்து கவரைப் பைக்குள் வைத்தார். எழுந்துபோய்ப் பையை ஆணியில் மாட்டினார்.