தட்டில் வைத்த நட்சத்திரம்

தென்கரை மடத்துத் தராசில் யானையையும் நிறுக்கலாம். கொசுவை வைத்தால், அது மூச்சை இழுக்கும்போது ஒரு எடையும் விடும்போது ஒரு எடையும் காட்டும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தராசுதான் இப்போது அங்கே இல்லை.

வருஷத்துக்கு ஒருநாள் மடத்தின் குரு செண்பகவடிவு அம்மை அதில் ஒரு தட்டில் உட்காருவார். மறுதட்டில் அவர் எடைக்குப் பொரி கொட்டுவார்கள். நிறுத்த பொரியைப் பொழுது சாய்வதற்குள் வந்தவர்களே தின்று தீர்க்க வேண்டும். அது அந்த மடத்து வழக்கம்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடகரை மடத்தில் தங்கள் குருவான சாமியைத் தங்கத்துக்கு நிறுத்துவிட்டார்கள். அவ்வளவு தங்கமும் ஒரு குடத்தின் அடியில் கிடந்ததாம். பார்க்கப் போனவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்களாம்.

தென்கரையில் வைரவநாதன் என்று ஒரு சீடர். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர். வகுப்புக்குள் அவருடைய மீசை முதலில் நுழையும், பிறகு அவர் நுழைவார். அப்படிப்பட்ட மீசை.

படித்துறையில் வடகரைச் சீடன் பூவலிங்கம் அவரை மடக்கினான்.

“உங்க அம்மைக்கு இந்த வருஷமும் பொரிதானா வே?”

வைரவநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க தட்டுல வைக்கது உங்க தட்டுல வச்சதைவிடக் கனமா இருக்கும். இல்லேன்னா ஊர் பார்க்க இந்த மீசையை எடுத்திருதேன்.”

சொல்லிவிட்டு நேரே குருவிடம் ஓடினார்.

“அம்மை, தங்கத்தைவிட அடர்த்தியா ஒரு பொருள் வேணும்.”

நடந்ததைக் கேட்டு அம்மை சிரிக்கவில்லை. “என்னென்ன இருக்கு? சொல்லுங்க வாத்தியாரே.”

“பொரி தண்ணியில மிதக்கும். கருங்கல், தண்ணியைப்போல ரெண்டரை மடங்கு. இரும்பு எட்டு மடங்கு கிட்ட. ஈயம் பதினொண்ணு. தங்கம் பத்தொம்பது.”

“அதுக்கு மேல?”

வைரவநாதன் மீசையை முறுக்கினார். “நிமிர்ந்து பார்க்கணும் அம்மை. எரிஞ்சு தீர்ந்த நட்சத்திரம். தன் பாரம் தாங்காம தனக்குள்ளேயே இடிஞ்சு விழுந்தது. அதுல ஒரு மிளகு எடுத்தா ஒரு ஆள் கனம். இன்னொரு வகை இருக்கு. அதுல ஒரு கடுகு, ஒரு குன்று.”

“அதெப்படி?”

“உள்ளே இருந்த இடைவெளி எல்லாம் நசுங்கிப் போச்சு. செத்த நட்சத்திரத்துல ஒரு மூச்சுக்குக்கூட இடம் கிடையாது.”

அம்மை கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பட்டப்பகல்.

“சரி, அது கிடைச்சதுன்னே வைங்க. நான் ஒரு தட்டுல உட்கார்ந்தாச்சு. மறுதட்டுல எவ்வளவு வைப்பீங்க?”

“முதல் வகைன்னா ஒரு மிளகு.”

“ரெண்டாவது?”

“கண்ணுக்கே தெரியாது.”

“கனம்?”

நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர் முறுக்கிய மீசையிலிருந்து கையை எடுத்தார்.

“உங்க கனம்தான் அம்மை. எதை வச்சாலும்.”

“பொரிக்குச் சொல்லிட்டு வந்திருங்க.”

“மீசை?”

“அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.”

நிறுக்கிற நாளன்று வடகரையே தோணி ஏறி வந்தது. பூவலிங்கம் கையோடு ஒரு நாவிதரையும் கூட்டி வந்திருந்தான்.

அம்மை உட்கார்ந்தார். பொரியைக் கொட்டினார்கள். தட்டு மறைந்தது, சங்கிலி மறைந்தது, தராசு அசையவில்லை. சாக்குச் சாக்காகக் கொட்டினார்கள். உச்சியில் ஒரு கொக்கு வந்து கூடு கட்டியது. முட்டையிட்டது என்றும் சொல்வார்கள். நான் பார்த்தது கூடு வரைக்கும்தான்.

கடைசியில் தட்டுகள் சமமாக நின்றன.

“இதுவா வே தங்கத்தைவிடக் கனம்?” என்றான் பூவலிங்கம். “அண்ணே, கத்தியைத் தீட்டும்!”

வைரவநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மை தோணிக்காரரைக் கூப்பிட்டார். “ஏன்யா, வடகரைச் சாமி உம்ம தோணியில ஏறினா என்ன செய்வீரு?”

“இன்னும் ரெண்டு பேரை ஏத்திக்குவேன் தாயி. ஒல்லி உடம்பு.”

“நான் ஏறினா?”

தோணிக்காரர் தயங்கினார். “ஒரு ஆளை இறக்கிவிட்டுருவேன்.”

முதலில் சிரித்தவர் நாவிதர். கத்தியை மடக்கி இடுப்பில் செருகிவிட்டு, துண்டை விரித்துக்கொண்டு பொரிக்கு முன்னால் உட்கார்ந்தார். இரு கரையும் உட்கார்ந்தது. வைரவநாதனின் மீசை முனைகள் இரண்டும் தாமாகவே மேலே எழுந்தன.

பூவலிங்கம் மட்டும் நின்றான்.

“உங்க தட்டுல கனம் கூடியிருக்கலாம். அதுக்கு இவ்வளவு பெருமையா? எங்க தங்கம் கெட்டி. ஒரு குடத்துக்குள்ள அடங்கிப் போச்சு. இது பூரா காத்து, பூரா இடைவெளி!”

வைரவநாதன் குருவைப் பார்த்தார்.

அம்மை இறங்கி வந்தார். ஒரு முறம் நிறையப் பொரியை அள்ளினார்.

“ஆமா தம்பி. இடைவெளியே இல்லாதது செத்த நட்சத்திரம்தானாம். எங்க வாத்தியார் சொன்னார். நாங்க இன்னும் சாகலை. துண்டை நல்லா விரிங்க.”