காரைப் புதரின் அடியில்

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே ஏன் டீச்சர் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்று கேட்டார் குலசேகரன்.

அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுடர்க்கொடி கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர், அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்தக் குன்றில் சுடர்க்கொடிதான் அவருக்கு ஆசிரியர்.

ஞாயிறு காலையில் ஊர்க்காரர்கள் சிலர் குன்றேறுவார்கள். என்ன செடி, என்ன பறவை என்று எழுதிக்கொண்டே நடப்பார்கள். சம்பளம் கிடையாது, டீகூடச் சொந்தக் காசு. அப்படிப்பட்ட நல்ல ஜனங்கள்.

ஒரே ஒரு வழக்கம். எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்து முடிக்கும்வரை சுடர்க்கொடி பெயரைச் சொல்ல மாட்டார்.

"ஒரு செடிக்கு அரை மணி நேரம் வெயில்ல நிக்க வைக்கிறீங்க. போன வாரம் ரெண்டு பேர் வரலை. இப்படியே போனா கடைசியில நீங்களும் நானும்தான்."

மனைவி போன பிறகு குலசேகரனுக்கு என்று இருப்பது இந்தக் கூட்டம்தான்.

"நியாயம்தான் சார். வர்ற வாரம் நீங்க கூட்டிட்டுப் போங்க."

குலசேகரன் வாரம் முழுக்கப் படித்தார். ஞாயிறன்று வெளுத்து வாங்கினார்.

"இது நாயுருவி. அது தும்பை. இந்தா, குப்பைமேனி."

எழுதினார்கள், நடந்தார்கள். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"அது காரை. முள்ளு குத்தும், கிட்டப் போகாதீங்க. எழுதிக்கிட்டு வாங்க."

வெயில் ஏறுவதற்குள் உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

"அசத்திட்டீங்க சார்!" என்றார் தையல்கடை ரஹ்மத் பானு. எல்லோரும் கைதட்டினார்கள். குலசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் கவனித்தார். சுடர்க்கொடியைக் காணோம்.

தேடிக்கொண்டு இறங்கினார்கள். காரைப் புதருக்குச் சற்றுத் தள்ளி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு டீச்சர்?"

சுடர்க்கொடி உதட்டில் விரலை வைத்தார். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

குலசேகரன் உட்கார்ந்தார்.

புதரின் அடியில் சருகு. வெறும் சருகு.

பார்த்துக்கொண்டே இருந்தார். சருகில் ஒரு பகுதி மூச்சு விட்டது.

பறவை. இருட்டிய பிறகே பறக்கும் பறவை. பகலெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். படத்தில் பார்த்திருக்கிறார். இவ்வளவு அழகு என்று எந்தப் படமும் அவருக்குச் சொல்லவில்லை. இதை ஒட்டித்தான் அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

பின்னால் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள்.

"என்ன சார் அது?" என்று ரஹ்மத் பானு கிசுகிசுத்தார்.

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"கண்ணு மூடியிருக்கா, திறந்திருக்கா, சொல்லுங்க?"

வெயில் உச்சிக்கு வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.