பாறைத் தீவிலிருந்து பறக்க நினைத்தவன்

கேளுங்கள். கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஒரு முழம் தாழ்ந்திருந்த காலம் அது. கரையிலிருந்து எட்டத்தில், செங்குத்தான ஒரு பாறைத் தீவு. கொள்ளையர் கப்பலைக் கண்டால் மூன்று வாணம் விட்டு நகரத்தை எச்சரிக்க, கொற்றன் என்பவனை அரசன் அங்கே காவல் வைத்தான். வைத்தவன் அவனை மறந்தும் போனான்.

மாதம் ஒருமுறை தோணிக்காரன் சாத்தன் தன் தம்பியோடு வருவான். அரிசியையும் வாண மருந்தையும் பாறையிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். கொற்றன் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தான். காவல் இல்லாமல் பாறை கிடந்தால் தன் தலை போய்விடும் என்றான் சாத்தன்.

திருவிழா நாளில் மேளச்சத்தம் காற்றோடு வரும். கொற்றன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பான். தன் குரலே அவனுக்கு அந்நியமாகி வந்தது.

பறந்தாவது போய்விடுவது என்று முடிவு செய்தான். ஓலையில் இறக்கை பின்னுவது எளிது. உந்தித் தள்ளுவதற்கு எதைப் பிடிப்பது?

கடற்பறவைகளுக்குத் தன் சோற்றைப் போட்டுப் பழக்கி, இறக்கையில் கட்டினான். அவை திசைக்கொன்றாய் இழுத்து ஓலையைக் கிழித்தன.

நீரைப் பின்னால் பீய்ச்சி முன்னால் பாயும் கணவாய் மீனைக் கண்டான். அதுபோல் தீ மூட்டும் துருத்தியை முதுகில் கட்டி அமுக்கினான். காற்று புஸ்ஸென்று போனது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஒருநாள் சாய்ந்து விழுந்த வாணம் ஒன்று அடுப்புப் பொறி பட்டு, சிக்கிய அரிசி மூட்டையையே இழுத்துக்கொண்டு ஓடியது. கொற்றன் சிரித்தான். சிரித்து எத்தனை காலம்!

இருந்த வாணம் மூன்றையும் முதுகில் கட்டி, இறக்கை விரித்து, பாறை விளிம்பில் நின்றான். திரியில் நெருப்பு வைக்கப்போன நேரம், வடக்கே கறுப்புப் பாய்கள் தெரிந்தன. கொள்ளையர்.

பறந்துபோய்ச் சொல்லிவிடலாமே என்று மனம் ஆசை காட்டியது. கடலில் விழுந்தால் யார் சொல்வது?

முடிச்சை அவிழ்த்தான். ஒவ்வொன்றாய் மூன்றையும் வானத்துக்கு அனுப்பினான். கரையில் கோட்டைக் கதவுகள் மூடின. கப்பல்கள் திரும்பின. கொற்றன் வெறும் இறக்கையோடு உட்கார்ந்து அழுதான்.

அடுத்த முறை சாத்தன் வந்தபோது, வாணம் விட்டது யாரென்று நகரத்தில் எவராவது கேட்டார்களா என்றான் கொற்றன். யாருமே கேட்கவில்லை என்றான் சாத்தன். ஆனால் அன்று கயிற்றைப் பிடித்துப் பாறைமேல் ஏறி வந்தான்.

“என் குடிசை கடலோரம் அண்ணே. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். பாறையில் ஓர் ஆள் வேண்டும் என்பதுதானே கட்டளை? அடுத்த மாதம்வரை நான் இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.”

கொற்றன் அவன் கையை இறுகப் பிடித்தான். பிறகு, தம்பி காத்திருந்த தோணியில் இறங்கினான்.

பறக்க வைத்திருந்ததைப் பிறரைக் காக்கக் கொடுத்தவனை, ஊரே மறந்தாலும், கரைசேர்க்க ஒரு மனிதர் வருவார்.