பூவாயி விட்டுவிட்டு வந்த பாட்டு

ஏரி வற்றிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஓர் இலுப்பை மரத்தின் மேல், பூவாயி என்ற மைனா தன் ஒற்றைக் குஞ்சோடு குடியிருந்தாள்.

அந்தக் காட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிராணியும் தன் பாட்டைத் தன் பிள்ளைக்குத் தானே சொல்லிக் கொடுக்காது. எல்லாப் பாட்டும் பூவாயியிடம்தான் இருக்கும். பிள்ளைகள் ஓடியாடத் தொடங்கியதும் இலுப்பை மரத்தடிக்கு வந்துவிடும். கரடிக் குட்டி தேன் பாட்டைக் கற்றுக்கொள்ளும். குரங்குக் குட்டி ஊஞ்சல் பாட்டைக் கற்றுக்கொள்ளும். எருமைக் கன்றுகூட வந்து உட்கார்ந்து, "ம்ம்ம்" என்று இழுத்துவிட்டுப் போகும்.

பூவாயி எல்லாப் பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே இருப்பாள். பாடாமல் விட்ட பாட்டு ஒரு பௌர்ணமி தாண்டினால் தொண்டையை விட்டுப் போய்விடும். போனால் போனதுதான். திரும்ப வராது.

மழை பொய்த்தது. ஏரி குட்டையானது. குட்டை சேறானது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறதாம். பிள்ளைகளாவது அங்கே போய்ப் பிழைக்கட்டும். கிழடுகளால் அந்தக் கணவாயைத் தாண்ட முடியாது. நாம் இருக்கிற சேற்றை நக்கிக்கொண்டு கிடப்போம்" என்றது யானை.

பிள்ளைகளோடு பூவாயியும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் போகாவிட்டால் அவற்றுக்கு யார் பாட்டுச் சொல்லித் தருவது?

பூவாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தண்ணீர் இல்லாத வழி. அத்தனை பாட்டையும் பாடிக்கொண்டே போக எனக்கு மூச்சு இருக்காது. அஞ்சு பாட்டை வேண்டுமானால் காப்பாற்றுவேன். எந்த அஞ்சு என்று நீங்களே சொல்லுங்கள்."

காடே கூடியது. மயில் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"முதல் பாட்டு என் ஆட்டப் பாட்டு. அதில் பேச்சுக்கே இடமில்லை!"

"ஆட்டம் அழகுதான் மயிலாரே. பாட்டைக் கேட்டால்தான் பல் கூசுகிறது!" என்று ஒரு குரல் வந்தது.

"யாரடா அது?"

"நான் இல்லை. மரங்கொத்தி!" என்றது அணில்.

"அடப்பாவி, என்னை ஏன்டா இழுக்கிறாய்?"

வறண்ட தொண்டையோடு எல்லாரும் சிரித்தார்கள். மயில் பாட்டு அஞ்சில் ஒன்றாக ஏறியது. தேன் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் ஏறின. தவளையின் மழைப் பாட்டும் ஏறியது. எருமை எழுந்து நின்று, "ம்ம்ம்" என்றது.

"அது உங்கள் கன்றுக்குத் தானாகவே வரும் அண்ணே. உட்காருங்கள்!" என்றது அணில்.

மிச்சம் ஒரு பாட்டுக்குத்தான் இடம். அப்போது சடச்சி தத்தித் தத்தி முன்னால் வந்தாள். அவள் அந்தக் காட்டின் கிழட்டுக் காக்கை.

"பூவாயி, என் பாட்டையும் கொண்டு போடி."

சடச்சியின் பாட்டு ஒப்பாரி.

காட்டில் எந்த உயிர் போனாலும் சடச்சி மேல்கிளையில் உட்கார்ந்து பாடுவாள். கேட்டதும் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடுவார்கள். செத்தது யார் பெற்ற பிள்ளை என்று சொல்வாள். எந்த வழியில் போனாய் என்று கேட்பாள். எவன் பல்லில் பட்டாய் என்று கேட்பாள். திரும்பத் திரும்பக் கேட்பாள். கடைசியில் கூட்டத்தில் யாராவது ஒருவர் தாங்க முடியாமல், "நான் பார்த்தேன்" என்று வாய் திறப்பார்கள்.

கவுதாரிக் குஞ்சு செத்தபோது அப்படி வாய் திறந்தது ஆமை. "நல்லதம்பி வாயில் இறகு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்!" நல்லதம்பி என்பவன் நரி. அன்றைக்கே அவனை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். இந்தக் கோடையில்தான் திரும்பி வந்திருந்தான். "திருந்திவிட்டேன். இப்போதெல்லாம் இலந்தைப் பழம்தான் சாப்பாடு" என்றான். கணவாய் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வேறு கதியில்லாமல் அவனையே பிள்ளைகளுக்கு வழித்துணையாக வைத்திருந்தார்கள்.

ஒப்பாரி என்றதும் நல்லதம்பியின் காது மடிந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"சடச்சியக்கா, உங்கள் பாட்டைக் குறை சொல்வேனா? என்னைத் திருத்தியதே அதுதானே! ஆனால் யோசித்துப் பாருங்கள். தாயை விட்டு, தகப்பனை விட்டுப் போகிற பிள்ளைகள். அதுகள் வாயில் அழுகையையா வைத்து அனுப்புவது? சிரிப்பதற்கு நாலு பாட்டுக் கொடுங்கள். அழுவதெல்லாம் நம்மோடு போகட்டும்!"

யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அவன் சொல்வது சரிதான். நாம் பட்டது போதும். என் பிள்ளை அழக் கூடாது."

"சாவு இல்லாத காடு எங்கே இருக்கிறது தாயி?" என்றாள் சடச்சி. "இது வெறும் அழுகை இல்லை. கேள்வி. செத்தவனால் கேட்க முடியாததை நான் கேட்கிறேன்!"

"கரகரக்காதே சடச்சி! காதுக்கு இனிமையாக இருந்தால்தான் பாட்டு. குயிலின் வசந்தப் பாட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு நல்லதை மட்டும் விட்டுப் போவோம்!" என்றது மயில்.

அந்தக் குயில் சடச்சியின் கூட்டில் வளர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் வசந்தப் பாட்டைப் பாடிக் காட்டியது. எல்லாரும் ஆகா என்றார்கள்.

பூவாயி மட்டும் சடச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளுடைய மூத்த குஞ்சு பாம்பு கடித்துச் செத்தது. அன்றைக்குச் சடச்சி பாடி முடித்த பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் உள்ளே இறங்கியது. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சிறகுக்கு அடியில் இளைய குஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. இவனுக்கு அந்தப் பாட்டுத் தேவைப்படாமலே போகட்டும் என்று தோன்றியது.

"சரி" என்று தலையாட்டினாள்.

புறப்படும்போது சடச்சி அவள் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள். "யாருக்கும் கேட்காமல் வழியில் ஒரு தரம் முணுமுணுத்துக்கொள்ளடி. ஒரே ஒரு தரம் போதும்."

"சரிக்கா."

கணவாயில் வெயில் பொரித்தது. நல்லதம்பி முன்னால் நடந்தான். பிள்ளைகள் நடுவில் நடந்தன. நடுவழியில் ஒரு முயல் குட்டி தாகத்தால் விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

பூவாயிக்குத் தொண்டை தானாகத் திறந்தது.

"முயலு பெத்த முத்தே, மூணு மாசப் பிஞ்சே,
எந்தப் பாறை சுட்டுதோ..."

"நிறுத்து!" நல்லதம்பி பாய்ந்து வந்தான். "பிள்ளைகள் நடுங்குவதைப் பார்! இப்படியே பாடினால் ஒன்றுகூட அடி எடுத்து வைக்காது. ஊஞ்சல் பாட்டைப் பாடு!"

பிள்ளைகள் நடுங்கத்தான் செய்தன. பூவாயி ஊஞ்சல் பாட்டைப் பாடினாள். பிள்ளைகள் நடந்தன. முயல் குட்டி அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் முணுமுணுக்க நினைக்கும்போதெல்லாம் நரியின் காது இந்தப் பக்கம் திரும்பும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த நாளும் அப்படியே விட்டாள். ஆற்றங்கரையை அடைந்தபோது பௌர்ணமி வந்து போயிருந்தது.

புதுக் காடு பச்சைப் பசேலென்று இருந்தது. பிள்ளைகள் தின்றன, குடித்தன, அஞ்சு பாட்டையும் பாடிப் பாடி ஆடின. பெரியவர்கள் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று பூவாயி நினைத்தாள்.

பிறகு ஒரு நாள் கவுதாரிக் குஞ்சு ஒன்றைக் காணோம்.

"வேறு புதருக்குப் போயிருப்பான். வா, தேன் பாட்டுப் பாடலாம்!" என்றன பிள்ளைகள்.

அணில் குட்டியைக் காணோம். அதற்கும் பாடின. முயல் குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாரும் கூடவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்பது என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

நல்லதம்பிக்கு வயிறு சரிந்தது. "இந்த ஊர் இலந்தைப் பழம் நல்ல சத்து!" என்று தடவிக்கொண்டான்.

இப்படி ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு இருந்ததே என்று பூவாயி தவித்தாள். முதல் சொல் என்ன? யார் பெற்ற என்று வருமா? எங்கே போனாய் என்று வருமா? தொண்டையில் ஒன்றும் இல்லை. சடச்சியின் பேத்தி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவளிடம் ஓடினாள்.

"உன் பாட்டி என்னடி பாடுவாள்?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தை? உங்களிடம் கற்றுக்கொள் என்றுதானே அனுப்பினார்கள்!"

திரும்பிப் போய்ச் சடச்சியையே கேட்கலாம் என்று கிளம்பினாள். மலைப் பக்கமிருந்து வந்த பருந்து எதிரில் நின்றது.

"எங்கே போகிறாய் தாயி? அங்கே யாரும் இல்லை. எலும்புதான் கிடக்கிறது."

பூவாயி கூட்டுக்குத் திரும்பினாள். கூடு சாய்ந்து கிடந்தது. அடியில் புல் மேல் அவள் குஞ்சின் இறகுகள் கிடந்தன. ஒன்றில் ரத்தம் இருந்தது.

வாயைத் திறந்தாள். காடே கேட்கும்படி அலற வேண்டும் என்றுதான் திறந்தாள். தொண்டையில் இருந்ததுதானே வெளியே வரும்?

"ஆடு ஆடு ஊஞ்சலே, ஆலம் விழுது ஊஞ்சலே..."

பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக ஓடி வந்தன. கரடிக் குட்டி குதித்தது. குரங்குக் குட்டி கிளைக்குக் கிளை தாவியது.

அவற்றோடு ஒரு கீரிக் குட்டியும் வந்தது. அது இறகைப் பார்த்தது, பூவாயியைப் பார்த்தது. காலையில் இந்த மரத்தடியில் எவன் நின்றான் என்று அதற்குத் தெரியும். சொல்லத்தான் வந்தது. "அத்தை, நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் குரங்குக் குட்டி அதன் கையைப் பிடித்து ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டது.

பூவாயியால் பாட்டை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அழுவதற்கு வேறொன்றும் இல்லை.

நல்லதம்பி புதரை விலக்கிக்கொண்டு வந்து தாளம் போட்டான். "பிரமாதம் பூவாயி! இன்னொரு தரம்!"

அவள் இன்னொரு தரம் பாடினாள். பிள்ளைகள் இறகுகளை மிதித்துக்கொண்டு ஆடின.

இனிக்கிற பாட்டை மட்டும் பொறுக்கிப் பிள்ளைகளுக்கு விட்டுப் போகிறவர்கள், துயரம் வருகிற நாளில் அவர்களை ஊமைகளாக விட்டுப் போகிறார்கள்.