ஏரிப் பக்க அறை

நெட்டூர் ஏரியைத் தூர்த்து வணிக வளாகம் கட்டலாமா என்று மதிப்புப் போட, சென்னையிலிருந்து பொருளியல் நிபுணர் பரசுராமன் வந்து இறங்கினார். ஓர் இடத்துக்கு வர மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்களோ, அதுதான் அந்த இடத்தின் மதிப்பாம். நெட்டூர்க்காரர்கள் ஏரிக்கு நடந்தே வருகிறார்கள். ஆகவே மதிப்பு பூஜ்யம். நடந்து வந்தது ஒரு குற்றமா என்ன?

ஊர்க்கூட்டத்தில் அவர் இதை அறிவித்ததும், லாட்ஜில் அறை பெருக்கும் அஞ்சுகம் எழுந்தாள். வேலை முடிந்து அவள் கால் நீட்டி உட்கார இருந்த ஒரே இடம் அந்த ஏரிக்கரைதான்.

"ஐயா, ரோட்டுப் பக்க ரூம் வேண்டாம், ஏரிப் பக்கந்தான் வேணும்னு நேத்து அடம்பிடிச்சீங்களே. எவ்வளவு கூடக் கொடுத்தீங்க?"

"முந்நூறு ரூபாய். நல்லா காத்து வரும்னு..."

"ஒண்ணுக்கும் ஆகாத ஏரியிலேருந்தா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிபுணர் முகம் சுருங்கினாலும், அவள் கேட்டதைக் குறித்துக்கொண்டார். ஏரி பிழைத்தது.

அடுத்த கோடையில், வேலை முடிந்து கரைக்குப் போனவளைப் புதுக் கம்பிவேலி மறித்தது. வாசலில் ஒருவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஆளுக்கு முப்பது ரூபாய், அக்கா."

"நம்ம ஏரிக்கு யாருப்பா விலை வச்சது?"

"நீங்கதானாமே. இந்தக் காத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்குன்னு நீங்கதான் கூட்டத்துல எடுத்துக்காட்டுனீங்களாம்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் அஞ்சுகம் லாட்ஜுக்கே திரும்பினாள். காலையில் பெருக்கிய ஏரிப் பக்க அறையை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் மெதுவாகப் பெருக்கினாள்.