நாற்பதில் பத்தொன்பது

ஆவுடையப்பன் உருப்பெருக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடி வில்லையை உள்ளங்கையில் பொத்தியபடி ஓடிவந்தார். முப்பது ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரட்டடிவாரத்துக் கால்நடை மருத்துவச் சாலைக்கு மாணவராக வந்து ஓராண்டு ஆகியிருந்தது. குருவாகிய வடிவாம்பாளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்த வயது அன்று அவருடைய கால்களுக்கு நினைவில்லை.

வடிவாம்பாள் ஒரு கிடாயின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆவுடையப்பன், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளைபோலத் துள்ளுகிறீர்கள்?"

"பத்தொன்பது அம்மா! நாற்பது கிடைகளில் பத்தொன்பது!"

நான்கு மாதங்களுக்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். செம்மறிகளின் சினையைக் கலைக்கும் கிளமிடியா என்னும் கிருமி, இந்த வட்டாரத்து ஆட்டுக் கிடைகளில் எவ்வளவு பரவியிருக்கிறது?

"தெரியாது. எண்ணிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார் வடிவாம்பாள்.

அவரும் எண்ணினார். வெயிலென்று பாராமல் கிடை கிடையாக நடந்தார். ஆடுகளின் இரத்தம் எடுத்தார். கலைந்த குட்டியோடு விழும் நஞ்சுக்கொடியான இளங்கொடியை வில்லையில் தடவிச் சாயம் ஏற்றினார்.

"இது பத்தொன்பதாவது கிடையின் வில்லை. காலையில்தான் கிடைத்தது. பாருங்கள், பாருங்கள்!"

வடிவாம்பாள் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். பச்சைப் பரப்பில் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

"பிழையில்லாத வேலை" என்று சொல்லிவிட்டு மீண்டும் சீவுகத்தியை எடுத்தார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓராண்டில் குருவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

"இளங்கொடியை எடுத்துக் கொடுத்தது யார்?"

"இருளாயி. கிடைக்காரர் சோணையின் மனைவி. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது அம்மா, கேட்டால் வியப்பீர்கள்! வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், ஈனும் ஆட்டுக்கு அவள்தான் குட்டியைக் கையில் வாங்க வேண்டுமாம். அவள் கை பட்டால் குட்டி தங்குமாம். இந்தப் பருவத்தில் பதினொரு சினை கலைந்துவிட்டதால், இப்போது எல்லா ஆட்டுக்கும் அவளைத்தான்..."

சீவுகத்தி கீழே விழுந்த ஓசையில் அவர் பேச்சு நின்றது.

"அவளுக்கு எத்தனையாவது மாதம்?"

"கேட்கவில்லையே அம்மா."

"ஜீப்பை எடுங்கள்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கரிசல் நிலத்தின் நடுவே கட்டிய கிடையில் ஓர் ஆடு முக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னே இருளாயி மண்டியிட்டிருந்தாள். மேடிட்ட வயிறு முழங்காலில் இடித்தது. வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டு வெறுங்கையை நீட்டினாள்.

"தொடாதே தாயி!" ஜீப் நிற்குமுன்பே வடிவாம்பாள் குதித்துவிட்டார்.

இருளாயியின் மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "ஏன் டாக்டரம்மா இந்தக் கத்து கத்துறீக? அவ கைராசிக்காரி. அவளும் விட்டுட்டா இந்தக் கிடையில குட்டியே மிஞ்சாது."

"பேரப்பிள்ளை மிஞ்ச வேண்டாமா ஆத்தா? ஆட்டோட சினையைக் கலைக்கிற அதே கிருமிதான். இவ வயித்தை மட்டும் விட்டுவைக்குமா?"

மாமியார் வழிவிட்டு விலகினாள்.

வடிவாம்பாள் கையுறைகளைச் சோணையிடம் வீசினார். "குட்டியை நீ வாங்குப்பா." பிறகு இருளாயியின் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் உண்டா?"

இருளாயி மாமியாரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மூணு நாளா. சொன்னா வேலைக்குச் சோம்புறேன்னு சொல்லுவாக."

அடுத்த நொடி, மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருமகளை இழுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியிருந்தாள்.

"வண்டிய எடுங்கய்யா! மசமசன்னு நிக்கிறாரு பாரு வாத்தியாரு!"

மருத்துவமனைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். ஆவுடையப்பன் வாழ்நாளில் அப்படி வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஒவ்வொரு முனகலும் அவர் பிடரியில் அடித்தது. காலையில் அந்தக் கையிலிருந்துதான் இளங்கொடியை வாங்கினார். "நன்றி அம்மா" என்றுகூடச் சொன்னார்.

மருத்துவமனையில் வடிவாம்பாள் கிருமியின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார். ஒரு மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. பிறகு இளம் மருத்துவர் ஒருவர் வந்தார்.

"நல்லவேளை, இன்றே கொண்டுவந்தீர்கள். மருந்து தொடங்கிவிட்டோம். சில நாள் இங்கேயே இருக்கட்டும். குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கிறது."

அதை மாமியாருக்கும் கேட்கக் கொடுத்திருந்தார்கள்போலும். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள் கூவினாள். "குதிர ஓடுற மாதிரி ஓடுதய்யா வாத்தியாரே! குதிர!"

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அவர் வடிவாம்பாளைத் தேடிக்கொண்டு ஓடினார். குரு குழாயடியில் முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஓர் எண்ணிக்கை இரண்டு உயிர்களைக் காப்பாற்றிவிட்டது! நாற்பதில் பத்தொன்பது! நான் அன்று கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா?"

வடிவாம்பாள் குழாயை மூடினார்.

"மற்றப் பதினெட்டுக் கிடைகளில், இந்நேரம் குட்டி வாங்கிக்கொண்டிருப்பது யார்?"