பெருங்குழம்பூரில் பஸ் நவீனமான கதை

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அந்த இடம் இன்னும் வரவில்லை. இப்போது ஒரு சுற்றறிக்கையைப் படித்தாக வேண்டும். சுற்றறிக்கை படித்து இதுவரை எவரும் சிரித்ததில்லை.

பெருங்குழம்பூர் மாநகரத்தின் மூன்றாம் பணிமனைக்கு அது வந்தது. "பொதுப் போக்குவரத்தை நவீனப்படுத்தும் பொருட்டு, பேருந்து எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்ப் பயணிக்கும் வெளியூர்ப் பயணிக்கும் எந்நேரமும் தெரிந்திருத்தல் வேண்டும். குலுக்கல் அறவே கூடாது." கீழே பச்சை மையில் கையெழுத்து. பச்சை மையைக் கண்டதும் மேலாளர் பூவராகன் எழுந்து, இரண்டாம் முறை நின்றபடியே படித்தார்.

முதல் நாள், பாஸ் வைத்திருந்த இருநூறு பேருக்கும் நடத்துநர் சித்திரைவேல் ஓடும் பஸ்ஸிலிருந்து போன் போட்டுச் சொன்னார். இப்ப பாலத்து மேல இருக்கோம், இப்ப மாடு குறுக்க நிக்குது, இப்ப மாடு நகந்திடுச்சு. கடைசி ஆளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஆறு முறை போய்வந்திருந்தது. முதல் ஆளுக்கு இன்னும் மாடு நகரவே இல்லை.

மறுநாள் கூடிப் பேசினார்கள்.

"வண்டி ஓடுறதாலதான் சார், எங்க இருக்குன்னு சந்தேகமே வருது," என்றார் ஓட்டுநர் இஸ்ரவேல். பதினெட்டு வருட அனுபவம் பேசியது.

"அப்ப நிப்பாட்டிட்டா?" என்றார் பூவராகன்.

"குலுக்கலும் போயிடும் சார்."

சித்திரைவேலுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். அப்புறம் பயணி போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போவார் என்று கேட்டார். பூவராகன் சுவரில் சாய்த்திருந்த பஸ் எண் பலகைகளைக் காட்டினார்.

"ஏம்ப்பா, இருபத்தேழுங்கிற பலகையைக் கழட்டிட்டு பன்னெண்டை மாட்டினா, வண்டி பன்னெண்டாயிடுதா இல்லியா? அவ்வளவு பெரிய வண்டியே மாறுது. ஸ்டாப்பு மாறாதா?"

காலமெல்லாம் பலகை மாட்டியே பிழைத்தவர்கள். அவர்களுக்கு அது சரியென்றே பட்டது. அன்றைக்கே வழியிலிருந்த நிறுத்தப் பலகைகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பஸ் நிலையத்து டீக்கடை எதிரில் ஒரு புது ஏசி பஸ்ஸை நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் செங்கல் அண்டக்கொடுத்தார்கள். கண்ணாடி முழுக்க நீலத்தாள் ஒட்டி, பலகை தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு சதுரம் விட்டார்கள்.

இன்னும் சிரிக்க வேண்டாம். மாப்பிள்ளை வரட்டும்.

மாப்பிள்ளை பெயர் கொம்பையா. விடிந்தால் சங்கரன்கோவிலில் அவருக்குக் கல்யாணம். ஆசாரி இழுத்தடித்து அன்றைக்குத்தான் கொடுத்த தாலி அவர் பையில் இருந்தது. நாலு மணி ரயிலை விட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேறு வழியே கிடையாது. மூன்று மணிக்கு வந்து, ரயில் நிலையம் போகுமா என்று கேட்டார். ரயில் நிலையமே வரும் என்று சித்திரைவேல் ஏற்றிக்கொண்டார்.

ஓட்டுகிற வேலை இல்லாததால் இஸ்ரவேலுக்கு அந்தச் சதுரத்துக்கு வெளியே நின்று பலகை பிடிக்கிற வேலை. 'கோட்டைமேடு' என்று கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு 'ஜவுளிக்கடைத் தெரு' என்று பிடித்தார். ஒவ்வொரு முறையும் சித்திரைவேல் விசில் ஊதி, "கோட்டைமேடெல்லாம் எறங்கு, படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்றார். உள்ளே இருந்தது கொம்பையா ஒருவர்தான். அவரும் மரியாதையாக உள்ளே போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து மாமனாருக்குப் போன் போட்டார்.

"வண்டி ஓடுறதே தெரியல மாமா. எல்லா ஸ்டாப்புலயும் ஒரே மாதிரி டீக்கடை போட்டு வச்சிருக்கான். டீ ஆத்துற ஆளுக்குக்கூட ஒரே மாதிரி மீசை. பெரிய ஊரு பெரிய ஊருதான்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் 'ரயில் நிலையம்' வந்தது. கொம்பையா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இது எத்தனையாவது பிளாட்பாரம் என்று விசாரித்தார். டீக்காரர் ஒரு டீயை நீட்டினார். ரயில் வரவில்லை. சரியாக நாலு மணிக்கு, ஊரின் மறுகோடியில், எங்கோ ஒரு ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது.

"ரயிலு இங்க வராதா?"

இஸ்ரவேல் பலகையைத் தோள் மாற்றிக்கொண்டார். அவருக்கே வருத்தம்தான். "அவங்க இன்னும் நவீனமாகல சார். ரயிலை ஓட்டிக்கிட்டேதான் இருக்காங்க."

கொம்பையா டீக்காரரின் மீசையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு அடியில், செங்கல்லில் தலைவைத்து ஒரு பூனை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றார் மெதுவாக, "நான் ஏறுன எடத்துலயேதான எறங்கியிருக்கேன்?"

நவீன பஸ்ஸைப் பார்வையிட வந்திருந்த பூவராகன் பதறவில்லை. கல்யாணம் எந்த ஊரில் என்று விசாரித்தார். பெயிண்ட் டப்பாவை வரவழைத்தார். இஸ்ரவேல் ஒரு வெற்றுப் பலகையில் 'சங்கரன்கோவில்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பஸ் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பிரஷ்ஷை உதறிக்கொண்டே நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு பலகை மிச்சமிருக்கு மாப்பிள்ள. பொண்ணு பேரு என்ன?"